லிஃப்ட்காரரின் பதினைந்து பதக்கங்கள்

குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய ராணுவத்தார் ஒருவரைக் காட்டுவார்கள். "எத்தனை பதக்கம் பாரு!" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். எண்ணிக்கை கூடினால் வீரமும் கூடுதல் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. 1997இல் சுதந்திரப் பொன்விழாவுக்கென்று ஒரு பதக்கம் அடித்தார்கள். அந்த ஆகஸ்ட் 15 அன்று படையில் பணியில் இருந்த எல்லோருக்கும் அது உண்டு. ஒன்பது வருடம் ஒழுங்காகப் பணிபுரிந்தால் அதற்கும் ஒன்று இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்திலேயே, உயிரைப் பணயம் வைத்து வாங்கிய சக்ராவும் தொங்கலாம். தள்ளி நின்று பார்த்தால் எல்லாமே ஒரு ரிப்பனும் ஒரு வில்லையும்தான்.

பதக்கங்களைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் நெஞ்சில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. நான் எடுத்துக்கொள்வது யூஜின் புல்லர்டை. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் முதன்முதலாகப் போர் விமானம் ஓட்டியவர் அவர். ஓட்டியது முதல் உலகப் போரில், அதுவும் அமெரிக்காவுக்காக அல்ல, பிரான்சுக்காக.

1959 டிசம்பரில் நியூயார்க்கில் என்.பி.சி. தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். பேட்டிக்கு அவர் லிஃப்ட் ஆபரேட்டர் சீருடையில் வந்து உட்கார்ந்தார். அந்த ஸ்டுடியோ இருந்த ராக்கஃபெல்லர் சென்டரில் அவருக்கு வேலையே அதுதான். தினமும் தங்களை மேலும் கீழும் கொண்டுபோய் விட்ட மனிதரிடம் பிரான்சில் வாங்கிய பதக்கங்கள் பதினைந்து இருக்கின்றன என்பது அந்தக் கட்டடத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பதினைந்து! அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நாம் இங்கேயே கொஞ்சம் நிற்போம்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம்

1895 அக்டோபர் 9 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துத் தூக்கில் போட்ட காலம் அது. அவருடைய அப்பாவையும் ஒரு வெள்ளையர் கும்பல் தேடி வந்தது, மயிரிழையில் தப்பினார். பதினோரு வயது வாக்கில் பையன் வீட்டைவிட்டு ஓடினான். வழியில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜிப்சிக் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்டான். "எங்கள் ஊரில் தோல் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள்" என்று அவர்கள் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. அது முழு உண்மை இல்லை என்பது வேறு விஷயம். 1912இல் நார்ஃபோக் துறைமுகத்தில் ‘மார்த்தா ருஸ்’ என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலில் ஒளிந்துகொண்டு, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் போய் இறங்கினான்.

பிழைப்புக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொண்டார். ஒரு நாடகக் குழுவோடும் ஊர் ஊராகப் போனார். 1913இல் சண்டைக்காகப் பாரிஸ் போனவருக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த வருடம் போர் வந்தது. பிரான்சுக் குடிமகன் அல்லாதவர் பிரெஞ்சுப் படையில் சேர வேண்டுமானால் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது: வெளிநாட்டார் படை, அதாவது ஃபாரின் லீஜன். 1914 அக்டோபர் 19 அன்று அதில் பெயர் கொடுத்தார். பத்தொன்பது வயது முடிந்து பத்தே நாள் ஆகியிருந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கென்றே பதக்கம் வரப்போகிறது.

ரிப்பனைப் படிப்பது

பதக்கங்களை இடது நெஞ்சில் குத்துவார்கள். உயர்ந்தது நெஞ்சின் நடுப்பக்கமாக, அதாவது பார்க்கிற நமக்கு இடது ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக மதிப்பு இறங்கிக்கொண்டே வரும். எந்தப் பதக்கத்துக்குப் பிறகு எது என்பதற்கு அரசாங்கமே வரிசை வைத்திருக்கிறது. அணிகிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் ஒருவரின் பதக்கங்களைப் பார்க்கும்போது மொத்தத்தை எண்ணாமல், நமக்கு இடது ஓரத்திலிருந்து முதல் மூன்றைப் பார்த்தால் போதும். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும். புல்லர்டின் வரிசையில் முதல் மூன்று: லெஜியன் ஆஃப் ஹானர், ராணுவப் பதக்கம், போர்ச் சிலுவை. கிடைத்த வரிசை கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். முதலில் நிற்பதுதான் கடைசியில் வந்தது. அதனால் நாமும் வலமிருந்து இடமாகப் போவோம்.

போர்ச் சிலுவையைப் பிரெஞ்சில் ‘குருவா த கேர்’ என்பார்கள். 1915 ஏப்ரலில் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். வெண்கலச் சிலுவை, குறுக்கே இரண்டு வாள்கள், நடுவில் பிரெஞ்சுக் குடியரசைக் குறிக்கும் பெண்ணின் முகம், பச்சை ரிப்பனில் மெல்லிய சிவப்புக் கோடுகள். இந்தப் பதக்கத்தில் பார்க்க வேண்டியது சிலுவையை அல்ல, ரிப்பனில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உலோகத் துண்டை.

அது ஏன் என்றால், சிலுவை எல்லோருக்கும் ஒன்றுதான். போரில் ஒருவர் குறிப்பிடத்தக்க காரியம் ஏதாவது செய்தால், மேலதிகாரி அவர் பெயரையும் செயலையும் அன்றாட உத்தரவில் எழுதிப் படிக்கச் சொல்வார். இந்தப் பாராட்டுக் குறிப்புதான் விருதின் உயிர். ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர் என்பவை ஒன்றைவிட ஒன்று பெரிய படைப்பிரிவுகள். ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவில் படிக்கப்பட்டால் வெண்கல நட்சத்திரம். டிவிஷன் அளவில் படிக்கப்பட்டால் வெள்ளி நட்சத்திரம். அதற்கு மேலே கோர் அளவில் என்றால் தங்க முலாம் பூசிய நட்சத்திரம். ஒட்டுமொத்தச் சேனையின் உத்தரவிலேயே பெயர் வந்துவிட்டால் நட்சத்திரம் கிடையாது, பனையோலை வடிவில் ஒரு வெண்கலச் சின்னம். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒவ்வொன்று சேரும். பிரான்சின் புகழ்பெற்ற விமானி ஜார்ஜ் கினமேருக்கு இந்த ஓலைகள் மட்டுமே 26. அவ்வளவையும் வைக்க ரிப்பனை நீட்ட வேண்டியதாயிற்று. படத்தில் பார்த்தால் பதக்கம் வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்.

புல்லர்டின் ரிப்பனில் இருந்தது ஒரே ஒரு வெண்கல நட்சத்திரம்.

குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நட்சத்திரத்தைப் படிக்கத் தெரிந்தால் ஒரு விஷயம் புலப்படும்: அவருடைய பாராட்டு அவர் கூடவே நின்று சண்டை போட்ட ரெஜிமென்டிலிருந்து வந்தது. அந்த ரெஜிமென்ட் எது? 170ஆம் காலாட்படை ரெஜிமென்ட். வெளிநாட்டார் படையில் ஆர்த்துவா, ஷாம்பேன் முனைகளில் சண்டையிட்டு, உடன் வந்தவர்களில் பெரும்பகுதியை இழந்த பிறகு அவர் மாற்றப்பட்ட இடம் அது. ‘சாவின் தகைவிலான்குருவிகள்’ என்று அந்த ரெஜிமென்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. புல்லர்டைப் பிற்காலத்தில் ‘சாவின் கருந்தகைவிலான்’ என்று அழைத்தார்கள். பறவையின் பெயர் என்பதால் விமானம் ஓட்டியதற்காக வந்த பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சேற்றில் நின்ற காலாட்படையின் பெயர்.

1916 பிப்ரவரி 21 அன்று பிரான்சின் வெர்டூன் நகரில் ஜெர்மானியர் தாக்கத் தொடங்கினார்கள். அந்தச் சண்டை டிசம்பர் வரை பத்து மாதம் நடந்தது. இரண்டு தரப்பிலும் சேர்த்து சுமார் மூன்று லட்சம் பேர் செத்தார்கள். புல்லர்டின் பிரிவு தொடக்கத்திலேயே அங்கே போய்விட்டது. பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்றில் கூட இருந்தவர்கள் இறந்தார்கள். அவருக்குப் பற்களில் பெரும்பாலானவை போயின. அதற்குப் பிறகும் அவர் முனையைவிட்டு நகரவில்லை. மார்ச் 5 அன்று தொடையில் பலத்த காயம். இனிக் காலாட்படைக்கு லாயக்கில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். லியோன் நகரில் மாதக்கணக்கில் சிகிச்சை.

இந்தச் சில நாட்களிலிருந்து மட்டும் எத்தனை பதக்கம் முளைத்தது என்று பாருங்கள். வீரத்துக்குப் போர்ச் சிலுவை. காயத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் பதித்த தனிச் சின்னம். காயம்பட்டவர்களுக்கென்று 1916 கடைசியில் கொண்டுவந்தது. வெர்டூனில் இருந்ததற்காக வெர்டூன் பதக்கம். வீரம், வலி, அங்கே இருந்தது என மூன்று தனித்தனிச் செய்திகளைச் சொல்லும் மூன்று பதக்கங்கள், ஒரே களத்திலிருந்து.

இதில் வெர்டூன் பதக்கத்தின் கதை எனக்குப் பிடித்தது. அதைக் கொடுத்தது பிரெஞ்சு அரசாங்கம் அல்ல, வெர்டூன் நகராட்சி. ஊரே இடிந்து கிடந்த 1916 நவம்பரில், "எங்கள் ஊரைக் காத்தவர்களுக்கு நாங்கள் ஒரு பதக்கம் தருவோம்" என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டது. ‘கடக்க விடமாட்டோம்’ என்ற வாசகம் அதில் இருக்கும். வாங்கியவர்களின் பெயர்களைப் பொற்புத்தகம் என்ற பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். கண்டிப்பான விதிப்படி பார்த்தால் இது அதிகாரப்பூர்வ ராணுவப் பதக்கம் அல்ல. ஆனாலும் வெர்டூனில் இருந்த எந்தச் சிப்பாயும் அதைச் சாதாரணமாக நினைக்கவில்லை.

சிப்பாய்க்கு மட்டும்

ராணுவப் பதக்கம், பிரெஞ்சில் ‘மெதாய் மிலித்தேர்’, கொஞ்சம் விசித்திரமானது. 1852இல் லூயி நெப்போலியன் கொண்டுவந்தது. மஞ்சள் ரிப்பன், பச்சை ஓரம். பதக்கத்தின் பின்பக்கம் ‘வீரமும் கட்டுப்பாடும்’ என்று எழுதியிருக்கும். இதைச் சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைத் தலைவர்களுக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள். லெப்டினன்ட், கேப்டன், கர்னல் யாருக்கும் கிடையாது. ஆனால் ஒரு விதிவிலக்கு: போரில் தலைமைத் தளபதியாக இருந்து படை நடத்திய பெருந்தளபதிகளுக்குக் கொடுக்கலாம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதி ஜோஃப்ரேவுக்கு இது கிடைத்தது. ஆக, இந்தப் பதக்கத்தைப் பொறுத்தவரை ஏணியின் அடிப்படியில் நிற்பவரும் உச்சியில் நிற்பவரும்தான் உறவுக்காரர்கள். நடுவில் இருக்கும் அத்தனை அதிகாரிகளும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

புல்லர்ட் கார்ப்போரல், சார்ஜென்டுக்கும் கீழே. அதற்கு மேல் போகவில்லை. அந்த மஞ்சள் ரிப்பன் அவர் நெஞ்சில் இருப்பதே அவருடைய பதவியைச் சொல்லிவிடுகிறது.

சரி, விமானம் எங்கே?

இவ்வளவு நேரம் பதக்கங்களைப் பற்றிப் பேசியும் விமானம் வரவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

காலாட்படைக்கு ஆகாது என்று ஆன பிறகு, பாரிஸில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது, விமானப்படையில் சேரப்போவதாகப் புல்லர்ட் சொன்னார். அமெரிக்கத் தென்பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்கார நண்பர் ஒருவர், கறுப்பரைச் சேர்க்க மாட்டார்கள் என்று 2,000 டாலர் பந்தயம் கட்டினார். பின்னாளில் புல்லர்டே சொன்ன கதை இது. 1916 அக்டோபரில் விமானத் துப்பாக்கி வீரராகச் சேர்ந்தார். அதில் திருப்தி இல்லாமல் விமானி பயிற்சிக்கு மாற்றம் கேட்டு வாங்கினார். 1917 மே 5 அன்று பிரெஞ்சு ஏரோ கிளப்பின் உரிமம் கைக்கு வந்தது, எண் 6950. பந்தயப் பணமும் வந்தது.

அந்தக் காலத்துப் பயிற்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சின்னத் தகவல். சில பிரெஞ்சுப் பள்ளிகளில் புதியவர்களுக்கு முதலில் கொடுப்பது இறக்கை வெட்டப்பட்ட விமானம். பறக்கவே பறக்காது. தரையில் நேராக ஓட்டப் பழகுவதற்காக மட்டும். அதற்குப் ‘பெங்குயின்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

பிரெஞ்சு விமானப் பிரிவுகளில் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் சுமார் 200 பேர். அவர்களை மொத்தமாக லஃபாயெத் பறக்கும் படை என்பார்கள். லஃபாயெத் எஸ்காட்ரில் என்பது வேறு. அது பெரும்பாலும் அமெரிக்க விமானிகளைக் கொண்ட ஒரே ஒரு ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிப் புல்லர்டை அந்த ஸ்குவாட்ரனில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அவர் பறந்தது பிரெஞ்சுக்காரர்களின் ஸ்குவாட்ரன்களில்: 1917 ஆகஸ்ட் கடைசியில் 93ஆம் எண், செப்டம்பர் நடுவிலிருந்து 85ஆம் எண். ஸ்பாட் என்ற ஒற்றை இருக்கை விமானம். ஜிம்மி என்ற ஒரு குரங்கை வளர்த்தார்; அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பறப்பாராம். வெர்டூன் பகுதிக்கு மேலே இருபது தடவைக்கு மேல் போர்ப் பறப்பு. ஒன்றரை வருடம் முன்பு கீழே சேற்றில் கிடந்த அதே இடம்தான், இப்போது மேலிருந்து.

இரண்டு ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அவர் சொன்னார். இரண்டுமே பதிவேட்டில் ஏறவில்லை. இதில் அவர் பொய் சொன்னார் என்றோ, நிறத்தைப் பார்த்து மறைத்துவிட்டார்கள் என்றோ உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பிரெஞ்சு விமானப்படையின் விதி கறாரானது: வீழ்த்தினேன் என்று விமானி சொன்னால் போதாது, வேறு சாட்சி வேண்டும். எதிரி விமானம் எதிரியின் எல்லைக்குள்ளே போய் விழுந்தால், அதைத் தரையிலிருந்து பார்த்துச் சொல்ல நம்மவர் யாரும் இருக்க மாட்டார்கள். கணக்கில் வராது. பெரிய பெரிய விமானிகளுக்கும் இப்படி விட்டுப்போனவை நிறைய.

இந்த இடத்தில் கினமேரின் 26 ஓலைகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். போர் விமானிகளுக்கு ஓலை பெரும்பாலும் எதிலிருந்து வந்தது? உறுதியான ஒவ்வொரு வீழ்த்தலும் சேனை உத்தரவில் இடம்பெறும். ஓர் ஓலை சேரும். உறுதி ஆகாவிட்டால் உத்தரவு இல்லை, ஓலையும் இல்லை. புல்லர்டின் ரிப்பனில் ஓலை ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் வானத்தில் செய்ததற்காக எந்த வீரப் பதக்கமும் வரவில்லை. அவர் சட்டையில் விமானி என்று காட்டியது வலதுபக்கம் குத்தும் விமானி சின்னம் மட்டும். இறக்கையும் வளையமும் கொண்ட அது தகுதிச் சின்னமே தவிர பதக்கம் அல்ல. ஓட்டத் தெரியும் என்று காட்டும், என்ன செய்தார் என்று சொல்லாது.

இது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. உலகம் இன்று புல்லர்டை நினைவு வைத்திருப்பது விமானி என்பதற்காக. அவர் பதக்கங்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து இவர் யார் என்று கேட்டால், "நல்ல காலாட்படைச் சிப்பாய், வெர்டூனில் அடிபட்டவர்" என்றுதான் சொல்வார்.

வானத்து வாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரெஞ்சுப் படையில் இருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு மாற்ற ஏற்பாடு செய்தது. புல்லர்டும் விண்ணப்பித்தார். ஆகஸ்டில் மருத்துவப் பரிசோதனைக்குப் போய்வந்தார். அழைப்பு வரவேயில்லை. அமெரிக்க ராணுவம் அப்போது கறுப்பர்களை விமானியாக எடுப்பதில்லை. அந்த நாட்டின் முதல் கறுப்பின ராணுவ விமானிகள் டஸ்கீகி என்ற ஊரில் பயிற்சி முடித்து வந்தது 1942இல். இதற்கிடையில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரோடு கைகலப்பு வேறு. 1917 நவம்பர் 11 அன்று விமானப்படையிலிருந்து நீக்கினார்கள். பிறகு பழைய 170ஆம் ரெஜிமென்டுக்கே அனுப்பினார்கள். சண்டைக்கு அல்ல, பின்னணி வேலைக்கு. நீக்கிய நாளிலிருந்து சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் போரே முடிந்தது.

‘உலகின் முதல் கறுப்பின விமானி’ என்றும் அவரைப் பற்றிச் சிலர் எழுதுகிறார்கள். அதில் எச்சரிக்கை தேவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அஹ்மத் அலி துருக்கியின் ஒஸ்மானியப் படையில் விமானியாக இருந்தார். ஜமைக்காவைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன் கிளார்க் பிரிட்டிஷ் படையில் 1917இலேயே பறந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் முதல்வர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதுவே பெரிய விஷயம்தான்.

போர் முடிந்த பிறகும் வந்த பதக்கங்கள்

மீதிப் பதக்கங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலானவை போர் முடிந்த பிறகு உருவாக்கப்பட்டவை. 1919இல் நேச நாடுகள் எல்லாம் சேர்ந்து வெற்றிப் பதக்கம் கொண்டுவந்தன. நாட்டுக்கு நாடு வடிவம் மாறும், ஆனால் வானவில் ரிப்பன் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. 1920இல் போர் நினைவுப் பதக்கம். 1930இல் போராளிச் சிலுவை. குறிப்பிட்ட நாட்கள் போர்முனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு. 1935இல் தன்னார்வப் போராளிச் சிலுவை. நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் தேதி இங்கே வருகிறது: யாரும் அழைக்காமல், கட்டாயம் இல்லாமல், தானாக வந்து பெயர் கொடுத்தவர்களுக்கு இது. பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் அழைப்பாணை வந்திருக்கும். புல்லர்டுக்கு வந்திருக்க வழியே இல்லை. பத்தொன்பது வயதில் போட்ட ஒரு கையெழுத்துக்கு இருபது வருடம் கழித்து உலோகத்தில் பதில் வந்தது. அப்புறம் சொம் போர்முனைக்கானது, அமெரிக்கத் தன்னார்வலர்களுக்கானது, இரண்டாம் உலகப் போருக்கானது எல்லாம் உண்டு.

இரண்டாம் போருமா என்றால், ஆமாம். இடையில் அவர் பாரிஸின் மோன்மார்த்ரில் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தார். ‘கிராண்ட் டியூக்’ என்ற இரவு விடுதியை நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கே பாத்திரம் கழுவியவர். அப்புறம் ‘எஸ்காட்ரில்’ என்று சொந்தமாக ஒரு மதுக்கடை வைத்தார். பெயரைப் பாருங்கள், பறந்தது மூன்று மாதம்தான், அதை விட முடியவில்லை. கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், பிறகு பிரிவு. ஜெர்மன் மொழி தெரியும் என்பதால் 1939 வாக்கில், கடைக்கு வரும் ஜெர்மானியர் பேசுவதைக் கேட்டுப் பிரெஞ்சு உளவுத்துறைக்குச் சொன்னார். 1940 ஜூனில் ஓர்லியான் பக்கம் 51ஆம் காலாட்படையோடு சேர்ந்து மறுபடி சண்டை, வயது 44. முதுகில் காயத்தோடு ஸ்பெயின் வழியாக லிஸ்பனுக்குத் தப்பி, ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் யார் என்று கேட்க ஆளில்லை. வாசனைத் திரவியம் விற்றார், காவலாளியாக இருந்தார், கடைசியில் லிஃப்ட். 1949இல் நியூயார்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில்லில், பாடகர் பால் ராப்சனின் நிகழ்ச்சிக்குப் போனவர்களைக் கும்பல் தாக்கியது. புல்லர்டையும் கீழே தள்ளி அடித்தார்கள். அடித்தவர்களில் காவல்துறையினரும் இருந்தது படங்களில் பதிவாகியிருக்கிறது. யார்மீதும் வழக்கு இல்லை. ஐந்து வருடம் கழித்து, 1954இல், பாரிஸின் வெற்றி வளைவுக்குக் கீழே இருக்கும் பெயர் தெரியாத வீரர் கல்லறையில் சுடரை ஏற்ற மூன்று பேரைப் பிரான்ஸ் அழைத்தது. அதில் ஒருவர் புல்லர்ட்.

செவாலியர் என்றால்

கடைசியாக வந்த முதல் பதக்கம். 1959 அக்டோபரில், 64ஆம் பிறந்தநாளன்று, நியூயார்க்கில் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானரின் செவாலியர் நிலையை வழங்கினார்கள்.

செவாலியர் என்றதும் நமக்கு சிவாஜி கணேசன் நினைவுக்கு வருவார். அது ஒரு விருதின் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. செவாலியர் என்பது ஒரு படிநிலை, நேர்பொருள் குதிரைவீரன். பிரான்சில் இப்படிப் படிநிலைகள் கொண்ட கௌரவ அமைப்புகள் பல உள்ளன. சிவாஜிக்குக் கிடைத்தது கலை, இலக்கியத்துக்கான அமைப்பின் செவாலியர். புல்லர்டுக்குக் கிடைத்தது நெப்போலியன் 1802இல் தொடங்கிய லெஜியன் ஆஃப் ஹானரின் செவாலியர். படியின் பெயர் ஒன்று, ஏணி வேறு.

இந்த ஏணியில் ஐந்து படிகள்; செவாலியர் முதல் படி. அதற்கு வெறும் சிவப்பு ரிப்பன். அடுத்த படியான ஆபீசருக்கு ரிப்பனில் துணியால் செய்த சின்ன ரோஜா இருக்கும். அதற்கும் மேலே கமாண்டருக்குக் கழுத்தில் மாலைபோல் தொங்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் போகும் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் காலர் மடிப்பில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்று தெரிந்தால், அது அலங்காரம் அல்ல, இதுதான்.

வழங்கி இரண்டரை மாதத்தில் தொலைக்காட்சிப் பேட்டி. பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. மறுவருடம் நியூயார்க் வந்த பிரெஞ்சு அதிபர் த கோல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கட்டித் தழுவினார். 1961 அக்டோபர் 12 அன்று வயிற்றுப் புற்றுநோயில் புல்லர்ட் இறந்தார். குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங் கல்லறைத் தோட்டத்தில் பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கான இடத்தில், வெளிநாட்டார் படையின் சீருடையில் அடக்கம் செய்தார்கள்.

பதினைந்தில் ஒன்றுகூடப் பிறந்த நாடு கொடுத்தது அல்ல. அமெரிக்க விமானப்படை 1994 ஆகஸ்ட் 23 அன்று அவரை இரண்டாம் லெப்டினன்டாக நியமித்தது. 1917 ஆகஸ்டில் அவர் கேட்டு நின்ற இடம். அது பதவி என்பதால் அதற்கு ரிப்பன் கிடையாது.